எரிமலைச் சாம்பல் எவ்வளவு விழும், வெடிப்பு எவ்வளவு பெரியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிமலை வெடித்ததும் செய்திகளில் முதலில் கேட்கப்படுவது "இது எவ்வளவு பெரிய வெடிப்பு?" என்பதுதான். காற்று வீசும் பக்கத்தில் இருநூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்பவரின் கவலை வேறு. "என் கூரை மேல் எவ்வளவு விழும்? எப்போது விழும்?" இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் எப்படி விடை தேடுகிறார்கள், அந்த விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எரிமலைச் சாம்பலும் அடுப்புச் சாம்பலும் ஒன்றா?

இல்லை. பெயர்தான் ஒன்று. அடுப்பில் மிஞ்சுவது விறகு எரிந்த மிச்சம். எரிமலையிலிருந்து வருவது பொடிந்த பாறையும் கண்ணாடியும். மாக்மாவில், அதாவது பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில், கரைந்திருக்கும் வாயுக்கள் மேலே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்தது போலக் குமிழ்விட்டு விரிகின்றன. மாக்மா நுரைத்துச் சிதறுகிறது. அந்தக் குமிழ்களின் சுவர்த் துண்டுகள்தான் சாம்பல். உருப்பெருக்கியில் பார்த்தால் வளைந்த, கூரான கண்ணாடிச் சில்லுகளாகவே தெரியும்.

எரிமலை வீசியெறியும் துண்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் டெஃப்ரா. அதில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவானவை சாம்பல், 2 முதல் 64 மி.மீ. வரையானவை லாபில்லி, அதற்கு மேல் போனால் குண்டுகள், பாறைக்கட்டிகள். சாம்பல் தண்ணீரில் கரையாது. நனைந்தால் கெட்டிப்பட்டுக் கனக்கும், மின்சாரத்தையும் கடத்தும். மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் சில மி.மீ. ஈரச் சாம்பல் ஒட்டினாலே மின்தடை வரக்கூடும்.

வெடிப்பின் அளவை எந்த எண்ணால் சொல்கிறார்கள்?

அதிகம் புழங்குவது எரிமலை வெடிப்புக் குறியெண். எரிமலை ஆய்வாளர்கள் கிறிஸ் நியூஹால், ஸ்டீபன் செல்ஃப் இருவரும் 1982-ல் முன்வைத்தது. 0 முதல் 8 வரை போகும். 2-க்கு மேல் ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. 4 என்றால் குறைந்தது 0.1 கன கிலோமீட்டர் டெஃப்ரா, 5 என்றால் 1 கன கி.மீ., 6 என்றால் 10, 7 என்றால் 100, 8 என்றால் 1,000.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் (1980) 5. பிலிப்பைன்ஸின் பினாடுபோ (1991) 6. இந்தோனேசியாவின் தம்போரா (1815) 7. அதே நாட்டில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த தோபா 8. குறியெண் 5 உள்ள வெடிப்பு ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒன்று வரும். 7 என்பது ஆயிரம் ஆண்டில் ஒன்றோ இரண்டோ.

இந்தக் குறியெண்ணில் ஒரு குறை உண்டு. அது கன அளவைப் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. புதிதாக விழுந்த சாம்பலுக்குள் நிறையக் காற்று இருக்கும், மழை பெய்ததும் அமுங்கிவிடும். அப்படியானால் எந்தக் கன அளவைக் கணக்கில் எடுப்பது? அதனால்தான் பல ஆய்வாளர்கள் 'மேக்னிட்யூட்' என்ற இன்னொரு அளவையும் வைத்திருக்கிறார்கள். வெளிவந்த மொத்த எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதன் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையிலிருந்து (லாகரிதம்) 7-ஐக் கழிப்பது. ஒரு லட்சம் கோடி கிலோ வெளிவந்திருந்தால் மடக்கை 12, மேக்னிட்யூட் 5. வெடிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட எனக்கு இதுவே நேர்மையான அளவாகப் படுகிறது.

கன கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வருகிறது?

மண்வெட்டியிலிருந்தும் அளவுகோலிலிருந்தும் வருகிறது. விஞ்ஞானிகள் வெடிப்புக்குப் பின், சில சமயம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின், பல இடங்களில் குழி வெட்டிச் சாம்பல் அடுக்கின் தடிமனை அளக்கிறார்கள். சாலைக்காக வெட்டிய சரிவுகளும் ஏரிகளின் அடிச்சேறும் இதற்கு நல்ல இடங்கள். அளவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரே தடிமன் உள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பார்கள். 1 மீட்டர் கோடு, 10 செ.மீ. கோடு, 1 செ.மீ. கோடு என்று எரிமலையிலிருந்து காற்று போன திசையில் நீண்ட முட்டை வடிவங்கள் கிடைக்கும்.

அடுத்த படிதான் அழகானது. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்கும் பரப்பின் வர்க்கமூலத்தைக் கணக்கிட்டால், அது கூடக்கூடச் சாம்பலின் தடிமன் சீரான விகிதத்தில் குறைவது தெரியும். எரிமலை ஆய்வாளர் டேவிட் பைல் 1989-ல் இதை எளிய வாய்ப்பாடாகத் தந்தார். எரிமலை வாயில் இருந்திருக்கக்கூடிய தடிமனை இரண்டால் பெருக்கி, குறையும் வீதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மொத்தக் கன அளவு கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எரிமலை வாயில் தடிமன் 1 மீட்டர், வர்க்கமூலம் 20 கி.மீ. கூடும்போதெல்லாம் தடிமன் பாதியாகிறது என்று வையுங்கள். 2-இன் இயல் மடக்கையான 0.693-ஐ 20-ஆல் வகுத்தால் குறையும் வீதம் 0.0347. விடை சுமார் 1.7 கன கி.மீ., அதாவது குறியெண் 5. இப்போது 20-க்குப் பதில் 14 கி.மீ.க்கு ஒருமுறை பாதியாகிறது என்று மாற்றுங்கள். விடை 0.8 கன கி.மீ.யாக இறங்கிவிடும், குறியெண்ணும் 4 ஆகிவிடும். எரிமலை வாயில் தடிமன் அதேதான். தொலைவில் எடுத்த நாலைந்து அளவுகள் கொஞ்சம் பிசகினாலே வெடிப்பின் தரம் ஒரு படி மாறிவிடுகிறது.

அப்படியானால் இந்த எண்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் ஒற்றை எண்ணாக அல்ல. நன்றாக ஆராயப்பட்ட வெடிப்பிலும் இரண்டு மடங்கு கூடவோ பாதியாகக் குறையவோ வாய்ப்பு உண்டு. பெரும்பாலான எரிமலைகள் தீவுகளிலும் கடற்கரையிலும் இருப்பதால் சாம்பலில் பெரும்பகுதி கடலில் விழுகிறது. நிலத்தில் விழுந்த மெல்லிய அடுக்கை ஒரே மழைக்காலம் அடித்துப்போய்விடும். ஆனால் மொத்தக் கணக்கில் கணிசமான பங்கு அந்த மெல்லிய, தொலைதூரச் சாம்பலில்தான் இருக்கிறது. கிட்டத்து அளவுகளை மட்டும் வைத்து எல்லாத் தூரத்துக்கும் ஒரே குறையும் வீதத்தைப் போட்டால் பெரும்பாலும் குறைவான விடையே கிடைக்கும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் தோபாவின் சாம்பல் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமனாகக் கிடக்கிறது. தோபா இருக்கும் சுமத்ராவிலிருந்து இவ்வளவு தூரத்தில் இரண்டு மீட்டரா என்று மலைக்கத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் வானத்திலிருந்து நேராக விழுந்தது அடியிலுள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே. மேலே உள்ளதெல்லாம் சுற்றுப்புற மேடுகளிலிருந்து நீரும் காற்றும் கொண்டுவந்து பள்ளத்தில் சேர்த்தது. முழுத் தடிமனையும் 'விழுந்த சாம்பல்' என்று எழுதிவிட்டால் வெடிப்பின் அளவு எங்கோ போய்விடும். எந்த அடுக்கு விழுந்தது, எது வந்து சேர்ந்தது என்று மண்ணைப் பார்த்துப் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அளவு தெரியுமா?

தோராயமாகத் தெரியும். எரிமலை வாய்க்கு மேல் சாம்பல் தூண் எவ்வளவு உயரம் எழுந்திருக்கிறது என்பதை ரேடார், செயற்கைக்கோள், விமானிகளின் தகவல் மூலம் அறியலாம். நொடிக்கு வெளிவரும் பொருளின் அளவு ஏறத்தாழ அந்த உயரத்தின் நான்காம் அடுக்குக்கு, அதாவது உயரத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு, ஏற்பக் கூடுகிறது. பழைய வெடிப்புகளிலிருந்து திரட்டிய வாய்ப்பாட்டின்படி, 10 கி.மீ. தூணுக்கு நொடிக்குச் சுமார் 800 கன மீட்டர் மாக்மா தேவை. 20 கி.மீ. தூணுக்கு 14,000. உயரம் இரண்டு மடங்கானால் பொருள் பதினேழு, பதினெட்டு மடங்காகிறது.

இதன் மறுபக்கம் என்னவென்றால், உயரத்தை அளப்பதில் பத்து சதவீதம் பிசகினால் சாம்பல் கணக்கு ஐம்பது சதவீதம் பிசகும். உயரம் கடல்மட்டத்திலிருந்தா, எரிமலை வாயிலிருந்தா என்ற சிறு குழப்பமே கணக்கைக் கவிழ்த்துவிடும். பலத்த காற்று தூணைச் சாய்த்துவிட்டால் உண்மையைவிடச் சிறிய வெடிப்பாகத் தோன்றும். 2010-ல் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலையில் இந்தச் சிக்கல் இருந்தது. 2022 ஜனவரி 15 அன்று, பசிபிக் தீவு நாடான டோங்காவின் கடலடி எரிமலை ஹுங்கா டோங்கா நேர்மாறான பாடம் சொன்னது. கடல்நீரும் மாக்மாவும் மோதி எழுந்த முகில் 57 கி.மீ. வரை போனது, அளக்கப்பட்ட எரிமலை முகில்களிலேயே மிக உயரமானது அது. ஆனால் தலைநகர் இருக்கும் தீவில் விழுந்த சாம்பல் ஒருசில சென்டிமீட்டர்தான். அந்தச் சில சென்டிமீட்டரே விமான ஓடுபாதையை முடக்கியது. மக்கள் மண்வாரியும் தள்ளுவண்டியுமாக நாள்கணக்கில் அள்ளிய பிறகுதான் நிவாரண விமானங்கள் இறங்கின.

சாம்பல் எங்கே போய் விழும் என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

துகள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறது, அதற்குள் காற்று அதை எவ்வளவு தூரம் தள்ளுகிறது. அடிப்படை இவ்வளவுதான். 1 மி.மீ. துகள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று கொண்டால், 10 கி.மீ. உயரத்திலிருந்து தரைக்கு வர அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். காற்று நொடிக்கு 15 மீட்டர் வீசினால் அது 30 கி.மீ. தள்ளி விழும். 0.1 மி.மீ. துகள் நொடிக்கு அரை மீட்டர்தான் இறங்கும். அதே உயரத்திலிருந்து வர ஐந்தரை மணி நேரம், விழும் இடம் 300 கி.மீ. தள்ளி. அதைவிட நுண்ணியது நாள்கணக்கில் மிதக்கும். ஒவ்வொரு உயரத்திலும் காற்றின் திசை வேறு என்பதால், வெடிப்பு ஒன்றேயானாலும் பெரிய துகள் ஒரு பக்கமும் சிறியது வேறு பக்கமும் போகலாம்.

இந்தக் கணக்கைக் கோடிக்கணக்கான துகள்களுக்குச் செய்யும் கணினி நிரல்கள்தான் டெஃப்ரா2, ஃபால்3டி, ஆஷ்3டி, ஹைஸ்பிளிட் முதலியவை. தூணின் உயரம், மொத்த எடை, துகள் அளவுகளின் கலவை, காற்று ஆகிய தகவல்கள் சரியாக இருந்தால் விடையும் நன்றாக இருக்கும்.

ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈரம் இருந்தால் இன்னும் அதிகமாக. தனியாக ஆயிரம் கி.மீ. போயிருக்க வேண்டிய நுண்துகள் கூட்டமாகச் சேர்ந்து வழியிலேயே விழுந்துவிடும். 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோது, ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலிருந்த ரிட்ஸ்வில் என்ற சிற்றூரில் சுமார் 5 செ.மீ. சாம்பல் குவிந்தது. வழியில் அதைவிட அருகிலிருந்த ஊர்களில் அவ்வளவு விழவில்லை. தூரம் போகப்போகச் சாம்பல் குறைந்துகொண்டே வரும் என்ற பொதுவிதியை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஊரை எவரும் எச்சரித்திருக்க மாட்டார்கள்.

வானில் சாம்பல் மேகம் வந்துவிட்டது என்கிறார்கள். தலையில் கொட்டுமா?

பெரும்பாலும் இல்லை. விமானத்துக்கு ஆபத்தான அளவும் தரையில் கண்ணுக்குத் தெரியும் அளவும் வெவ்வேறு உலகங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சில மில்லிகிராம் இருந்தாலே விமான எஞ்சினுக்குப் பிரச்சினை. எஞ்சினின் வெப்பத்தில் கண்ணாடித் துகள் உருகி உள்ளே படிந்து அடைத்துவிடும். 1982 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு எஞ்சின்களையும் இழந்தது. கீழே இறங்கியபோது அவை மீண்டும் இயங்கியதால் ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. இன்று உலகைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இதைக் கண்காணிக்கின்றன.

2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி வெடித்து, அதன் சாம்பல் மேகம் அரபிக்கடலைத் தாண்டி வட இந்திய வான்வெளி வரை வந்தபோதும் இதே கதைதான். விமானங்கள் ரத்தாயின, தரையில் மக்கள் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் ஆபத்து?

சென்டிமீட்டரை விட்டுவிட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். உலர்ந்த புதுச் சாம்பல் கன மீட்டருக்கு 500 முதல் 1,300 கிலோ எடை இருக்கும், நனைந்தால் 2,000 வரை போகலாம். 10 செ.மீ. ஈரச் சாம்பலைக் கன மீட்டருக்கு 1,500 கிலோ என்று கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. 80 சதுர மீட்டர் கூரையில் அது 12 டன். வலுவற்ற கூரைகள் சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவிலேயே இடியத் தொடங்கலாம்.

1991 ஜூன் 15 அன்று பினாடுபோ உச்சத்தில் வெடித்த அதே நாளில் யூன்யா புயல் அந்தப் பகுதியைக் கடந்தது. விழுந்த சாம்பல் மழைநீரை உறிஞ்சிக் கனத்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளுக்கு அடியில் இறந்தவர்கள். வெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேரை வெளியேற்றியதால்தான் சாவு எண்ணிக்கை அதோடு நின்றது.

கூரையைக் காப்பாற்ற வேண்டுமானால் சாம்பல் குவியக் காத்திராமல் இடையிடையே அகற்ற வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது, பாரம் கூடும். ஏறுவதில் கவனம் வேண்டும், சாம்பல் படிந்த கூரை வழுக்கும்.

குறியெண் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிதுதானே?

இந்த நம்பிக்கை உயிர்களைப் பலிவாங்கியிருக்கிறது. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. குறியெண் வெறும் 3. பிற்பகலில் ஆர்மெரோ நகரில் மெல்லிய சாம்பல் விழுந்தது. மக்களை அமைதியாக வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். இரவில் சூடான பொருள்கள் மலையுச்சியின் பனியை உருக்கின. சேறும் பாறையும் கலந்த வெள்ளம் பள்ளத்தாக்குகள் வழியே பாய்ந்து, வெடிப்பு தொடங்கிச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் நகரை அடைந்தது. இறந்தவர்கள் 23,000 பேர் அளவில். ஆர்மெரோ ஆபத்தில் இருப்பதாகக் காட்டிய அபாய வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகியிருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். கணக்கு சரியாகவே இருந்தது. அது வெளியேறும் உத்தரவாக மாறவில்லை.

சாம்பலின் வேதியியலும் முக்கியம். 1970-ல் ஐஸ்லாந்தின் ஹெக்லா வெடித்தபோது, மெல்லிய சாம்பல் படிந்த புல்லை மேய்ந்த ஆயிரக்கணக்கான ஆடுகள் ஃபுளோரின் நஞ்சால் இறந்தன. தடிமன் வரைபடத்தில் அந்த மேய்ச்சல் நிலங்கள் பாதுகாப்பானவையாகவே தெரிந்திருக்கும்.

இன்னும் வெடிக்காத எரிமலைக்கு அபாய வரைபடம் எப்படி வரைகிறார்கள்?

அந்த எரிமலை முன்பு எத்தனை முறை, எந்த அளவில் வெடித்தது என்று படிவுகளிலிருந்து பட்டியல் போடுகிறார்கள். அப்புறம் பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளிலிருந்து நாள்களை எடுத்து, ஒவ்வொரு அளவு வெடிப்பையும் ஆயிரக்கணக்கான முறை கணினியில் 'வெடிக்க வைக்கிறார்கள்'. ஓர் ஊரில் நூற்றுக்கு எத்தனை முறை 10 செ.மீ.க்கு மேல் விழுந்தது என்பதே அந்த ஊருக்கான வாய்ப்பு.

வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் குறிப்பைப் படியுங்கள். '20 சதவீதம்' என்றால் வெடிப்பு நடந்தால் 20 சதவீதமா, அடுத்த ஐம்பது ஆண்டில் 20 சதவீதமா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பருவத்தையும் பாருங்கள், பருவக்காற்று திசை மாறும் இடங்களில் ஜனவரி வரைபடமும் ஜூலை வரைபடமும் எதிரெதிராக இருக்கும்.

சாம்பல் விழும் இடத்தில் இருந்தால் நானே அளந்து உதவ முடியுமா?

முடியும், விஞ்ஞானிகள் பெரிதும் விரும்புவதும் இதைத்தான். முதல் மழைக்கு முன் எடுத்த அளவு பிறகு எத்தனை குழி வெட்டினாலும் கிடைக்காது. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள், கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

சுவர், மரம், கூரை விளிம்பு இவற்றிலிருந்து விலகிய சமதளமான இடம் வேண்டும். காற்று குவித்த மூலையும் காற்று பெருக்கிய மேடும் உதவாது. ஒரு தட்டையோ தட்டையான பெட்டியையோ முன்கூட்டியே திறந்தவெளியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஏழெட்டு இடங்களில் அளவுகோலைச் செங்குத்தாக வைத்துத் தடிமனைக் குறியுங்கள். பிறகு 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுரம் ஒன்றைக் கோடிட்டு, அதிலுள்ள சாம்பலை மட்டும், மண் சேராமல், மென்மையான தூரிகையால் கூட்டிச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் இடுங்கள். உலர்ந்த எடை 450 கிராம் வந்தால், அதை 0.09-ஆல் வகுக்க, சதுர மீட்டருக்கு 5 கிலோ. தடிமன் 5 மி.மீ. என்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோ என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

பையின் மேல் இடம், நாள், விழத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், எடுத்த நேரம், சதுரத்தின் அளவு, இடையில் மழை பெய்ததா என்பதை எழுதுங்கள். சாம்பலே விழவில்லை என்றால் அதையும் நேரத்தோடு தெரிவியுங்கள். வரைபடத்தில் பூஜ்யக் கோடு எங்கே ஓடுகிறது என்பது அப்படிப்பட்ட தகவலிலிருந்துதான் தெரியவரும்.